ஐசி படத்தில் இல்லாத முகம்

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் கொள்ளுப்பாட்டியின் படம் மாட்டியிருக்கிறது. சந்தனப் பொட்டு, குங்குமம், ஒரு பிளாஸ்டிக் மல்லிகை மாலை. படத்தில் பாட்டி எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருப்பார். சின்ன வயசில் அந்தச் சுவரைத் தாண்டிப் போகவே எனக்குப் பயம். ஒருநாள் அம்மாவிடம், "பாட்டி ரொம்பக் கோவக்காரங்களாம்மா?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டார்.

"ஐயோ, அவங்க வாயைத் திறந்தா லயமே சிரிக்கும்டா. இது ஐசி படம். கடையில குடுத்துப் பெருசாக்குனது. வேற படமே இல்ல."

1948-இல் அவசரகாலம் வந்தபோதுதான் மலாயாவில் 12 வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் போட்ட அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்த பாட்டிக்கும் அப்படித்தான் முதல் படம் எடுத்தார்களாம். அதற்குப் பிறகு நாடு சுதந்திரம் வாங்கியது. பாட்டி கடைசிவரை சிவப்பு ஐசியோடுதான் இருந்தார். சிவப்பு என்றால் நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. அந்த அட்டையில் இருந்த முகத்துக்குத்தான் நாங்கள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறோம்.

பாட்டியை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதப் பாடத்தின் தலைப்பு "நான் யார்". ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடத்துகிற அண்ணன் அக்காமார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஸ்ரீ இஸ்கண்டாரில் பொறியியல் படிக்கிறேன். வாரக் கடைசியில் சித்தியவானுக்கு வந்து, கோயில் மண்டபத்தில் 10 முதல் 12 வயசுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பாடத்தை முதலில் நான் தப்பாக நடத்தினேன். அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஞாயிறு: நான் செய்த தப்பு

"அடுத்த வாரம் எல்லாரும் மைகார்டு, இல்லன்னா மைகிட் கொண்டு வாங்க" என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நம்ம நாட்டில் 12 வயசில் படம் போட்ட மைகார்டு எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் படம் இல்லாத மைகிட். அந்த 12 இலக்க எண்ணில் நிறைய விஷயம் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெயருக்கு நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். "பார்த்தீங்களா, நீங்க யாருன்னு அட்டையே சொல்லுது. ஆனா சொல்லாத விஷயம் என்ன?" என்று கேட்டுப் பாடத்தை ஆரம்பிப்பது என் திட்டம்.

பிள்ளைகளும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள். எல்லார் எண்ணிலும் 08 வருதா என்று சத்தமாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மறந்துட்டியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். "சரி, நம்பர் மனப்பாடமா தெரியுமே, சொல்லு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. கோயிலில் பூக்கட்டும் அத்தை ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலிலேயே நின்று மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு ஐசி இல்ல தம்பி. நாங்களும் எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கோம்."

அவர்கள் வீட்டு விவரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பொதுவாக இது எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், நம்ம சமூகத்தில் பல இளைஞர்களுக்கே இது தெரியவில்லை. அப்பா மலேசியக் குடிமகன், அம்மா வெளிநாட்டவர் என்று வைத்துக்கொள்வோம். கோயிலில் தாலி கட்டியாச்சு, ஊருக்கே சாப்பாடு போட்டாச்சு, ஆனால் சட்டப்படி பதிவு செய்யவில்லை. அப்படிப் பதிவில்லாத நிலையில் பிள்ளை பிறந்தால், அரசியலமைப்புச் சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை வராது, அம்மாவின் நிலைதான் கணக்கு. 1982 மார்ச் 1 முதல் நம்ம திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் "கோயில்ல கட்டியாச்சே, போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பாரம் பிள்ளை தலையில் விழுகிறது.

அந்தப் பையன் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "தம்பி, அண்ணன் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வாரம் என்ன கொண்டு வரணும்?" என்று கேட்டான்.

"கால் ரெண்டு போதும்" என்றேன். அப்போது வாயில் வந்ததைச் சொன்னதுதான். ஆனால் மோட்டாரில் திரும்பி வரும்போது, அதுவே சரியான பாடம் என்று தோன்றியது.

அம்மையாருக்கு மூன்று பெயர்

அந்த வாரம் காரைக்கால் அம்மையாரைப் பற்றித் திரும்பப் படித்தேன். மாங்கனிக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் பெயர் விஷயத்தை நான் அதுவரை கவனித்ததில்லை.

சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறபடி, பெற்றோர் வைத்த பெயர் புனிதவதியார். அம்மையார் தம் பதிகங்களில் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, 'காரைக்கால் பேய்' என்றே சொல்கிறார். கயிலைக்குத் தலையால் நடந்து போனபோது சிவபெருமான் அழைத்தது 'அம்மையே' என்று. ஒரு பெயர் வீடு கொடுத்தது, ஒன்று தானே வைத்துக்கொண்டது, ஒன்று அன்பு கொடுத்தது. ஒருவருக்கே மூன்றும் பொருந்துகிறது.

அவருடைய உருவத்தையும் பாருங்கள். திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேயின் உருவம் வருகிறது. வற்றிய உடம்பு, புடைத்த நரம்பு, குழி விழுந்த கண். அழகு போகட்டும் என்று வேண்டிப் பெற்றவர் அவர். பின்னால் வந்த சிற்பிகளும் அவரை அழகாக்கிக் காட்டவில்லை. எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிற சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், கன்சாஸ் நகரத்து நெல்சன்-ஆட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். அம்மையார் சொன்ன முகத்தையே சிற்பி வடித்தார். எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவரிடம் யாரும், "உங்களை எப்படிக் காட்டட்டும்?" என்று கேட்கவில்லை.

நான் படிக்கிற துறையில் ஒரு பொருளை வரைந்து காட்ட ஒரே தோற்றம் போதாது. முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று மூன்று வேண்டும். உள்ளே இருப்பதைக் காட்ட, நடுவில் வெட்டின மாதிரி இன்னொரு தோற்றமும் வரைவோம். ஐசி படம் முன்பக்கத் தோற்றம் மட்டும்தான். அது பொய் என்று சொல்லவில்லை, ஆனால் மீதியைப் பிள்ளைதான் வரைய வேண்டும். உள்ளே இருப்பதைக் காட்டக் கவிதை வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு: காலிலிருந்து தொடங்கினோம்

தமிழில் பாதாதிகேசம் என்று ஒரு சிற்றிலக்கிய வகை இருக்கிறது. பாதத்தில் தொடங்கித் தலைமுடி வரை வருணிப்பது. தெய்வத்தைப் பாடினால் பாதத்திலிருந்து, மனிதரைப் பாடினால் தலைமுடியிலிருந்து என்று மரபாகச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் ஒரு தங்கச்சி, "அப்ப நம்ம தலையிலேர்ந்துதானேண்ணா எழுதணும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. "உள்ள இருக்கிறது யாருன்னு போன மாசம் படிச்சோம்?" என்று திருப்பிக் கேட்டேன். "சாமி" என்றார்கள். "அப்ப காலிலிருந்தே தொடங்கலாம்" என்று முடிவானது.

எல்லாரும் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பத்து நிமிஷம் தங்கள் காலையே பார்த்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு அமைதியாகிவிட்டார்கள். கேள்வி இவ்வளவுதான்: இந்தக் கால் எங்கெல்லாம் நடந்திருக்கு? இதில் என்ன தழும்பு? இது யார் கால் மாதிரி இருக்கு? பிறகு முட்டி, கை, வாய், கண், தலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எதுகை மோனை தேவையில்லை, பேசுற தமிழில் எழுதலாம், எழுத்துப்பிழையை அண்ணன் திருத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வி கேட்ட தங்கச்சி எழுதினது:

என் கால் பெருவிரல் ரொம்பப் பெருசு.
அப்பாவோட விரல் மாதிரியே.
செருப்புக் கடையில சைஸ் கேட்டா
ஒரு நம்பர் குறைச்சுச் சொல்லுவேன்.
அப்பறம் கடிக்கும்.

அவன் வந்திருந்தான். முதல் வரி எழுதவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நான் போய் எட்டிப் பார்க்கவில்லை.

நான்காம் ஞாயிறு: கண்ணாடியும் வண்ணமும்

இந்த வாரம் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி. கைப்பேசி வேண்டாம் என்று சொன்னேன். இப்போது பல கைப்பேசிகளில் முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி, தழும்பை மறைத்துவிடுகிற வசதி இருக்கிறது. கண்ணாடி அப்படிச் செய்யாது.

வரைந்து முடித்து வண்ணம் தீட்டும்போது, எல்லாக் கையும் ஒரே குச்சிக்குப் போட்டி போட்டது. வெளிர் ரோஸ் நிறக் குச்சி. "தோல் கலர் குடுடா" என்று ஒருத்தன் பிடுங்கினான். நான் ஆரம்பப் பள்ளியில் அதே நிறத்தில்தான் என்னை வரைந்தேன். அப்போது என் கையை ஒரு தடவைகூட அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கிரேயோலா நிறுவனமே 'தசை நிறம்' என்று வைத்திருந்த பெயரை 1962-இல் 'பீச்' பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. நாம் மட்டும் இன்னும் 'தோல் கலர்' என்கிறோம்.

பிள்ளைகளிடம் இதற்காகப் பிரசங்கம் செய்ய வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் இருக்கிற எல்லாக் குச்சியாலும் சின்னச் சின்னக் கட்டம் தீட்டி, கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு குச்சியும் யாருக்கும் சரியாகப் பொருந்தவில்லை. அப்புறம் கலக்க ஆரம்பித்தார்கள். காப்பி நிறம், கொஞ்சம் ஆரஞ்சு, மேலே லேசாகக் கறுப்பு. ஒருத்தி காப்பித்தூளையே தண்ணீரில் கரைத்துத் தீட்டினாள், அதுதான் அவள் கன்னத்துக்குச் சரியாக வந்தது. "அண்ணா, காளியாத்தா என்னைவிடக் கறுப்பு" என்று பெருமையாகச் சொன்னாள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வெண்டி இவால்ட் 1970-களில் கென்டக்கி மாநிலத்து மலைக் கிராமப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, தங்களையும் குடும்பத்தையும் பிராணிகளையும் கனவுகளையும் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படங்களும் பிள்ளைகள் சொன்ன கதைகளும் 1985-இல் புத்தகமாக வந்தன. பிறகு குஜராத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளோடும் அப்படி வேலை செய்தார். ஏழைப் பிள்ளை என்றாலே வெளியிலிருந்து வருகிறவர் சோகமான முகத்தைத்தான் படம் எடுப்பார். கேமரா பிள்ளை கையில் இருந்தால் நாய்க்குட்டியும், தம்பியும், விளையாட்டும் வரும். எங்கள் வகுப்பிலும் முகத்துக்குப் பக்கத்தில் ஒருவன் தன் பூனையை வரைந்தான். ஒருத்தி பாட்டியின் கையை மட்டும் வரைந்து தன் தோள்மேல் வைத்தாள்.

கடைசி வரி: ஊரும் பேரும்

தேவாரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரையும் ஊரையும் வைத்து முடிப்பார். அதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். காழி ஞானசம்பந்தன் என்று அவர் சொல்லும்போது ஊரும் பேரும் ஒன்றாகிவிடுகிறது. சுந்தரர் தம்மை ஆரூரன் என்பார், நாவலூரையும் சேர்த்துக்கொள்வார். ஆண்டாள் திருப்பாவையின் முடிவில் தம்மைப் பட்டர்பிரான் கோதை என்கிறார். பாட்டுக்குக் கீழே போடுகிற கையெழுத்து மாதிரி.

பிள்ளைகளும் கடைசி வரியில் ஊரையும் பேரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றேன். இங்கே ஒரு சின்னச் சிக்கல் வந்தது. "எந்த ஊர்ணா?" இப்போது தாமானில் இருக்கிறார்கள், பிறந்தது ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையில், தாத்தா பாட்டி இருந்த தோட்டம் இப்போது இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயரில் மட்டும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நீ எதைச் சொன்னா உனக்கு வீடு ஞாபகம் வருதோ அது" என்றேன். ஒருத்தன் ஆயர் தாவார் என்று போட்டான். ஒருத்தி அவள் பார்த்தே இராத, பாட்டி சொல்லிக் கேட்ட தோட்டத்தின் பெயரைப் போட்டாள். அவளுக்கு அதுவும் ஊர்தான்.

பின்வரிசைப் பையன் எழுதினதை அவனையும் அவன் அம்மாவையும் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

என் காலுக்கு இந்த ஊர் வழி தெரியும்.
கடைக்கு, கோயிலுக்கு, திடலுக்கு.
மழை பேஞ்சா எங்க தண்ணி நிக்கும்னு தெரியும்.
முட்டியில தழும்பு, ஆயர் தாவார் ரோட்டுல விழுந்தது.
என் கை அம்மாவுக்கு மீன் கழுவும்.
என் வாய் சில கேள்விக்குப் பேசாது.
என் கண்ணு அப்பத்தா கண்ணு.
நான் சித்தியவான்

அதற்குப் பிறகு அவன் பெயர். முழுப் பெயர், பெரிய எழுத்தில், கீழே இரண்டு கோடு.

படித்துக் காட்ட அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சுவரில் ஒட்ட மட்டும் ஒத்துக்கொண்டான். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். ஆறாவது வரியில் ஒருத்தன் நின்றுவிட்டு, திரும்பி அவனைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. விளையாடப் போகும்போது அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனான்.

நீங்கள் நடத்தும்போது

நான்கு வாரம் போதும். கண்ணாடி, காகிதம், வண்ணக் குச்சி, கொஞ்சம் காப்பித்தூள், அவ்வளவுதான் செலவு. சில விஷயங்களில் மட்டும் கவனமாக இருங்கள்.

ஐசி, பிறப்புப் பத்திரம், அப்பா பெயர், குடும்பப் படம் என்று எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எல்லார் வீட்டிலும் எல்லாம் இருக்காது. அடையாள எண்ணை வகுப்பில் உரக்கச் சொல்ல வைப்பது பாதுகாப்பும் இல்லை.

கவிதையைத் திருத்தாதீர்கள். பிள்ளை 'பேஞ்சா' என்று எழுதினால் அது அவன் வீட்டுத் தமிழ்.

எல்லாரும் படித்துக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். படத்தையும் கவிதையையும் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள்.

பிள்ளை எழுதியதில் பெரிய விஷயம் எதுவும் தெரியவந்தால், அதை அங்கேயே விட்டுவிடாதீர்கள். பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள். ஆவணம் இல்லாத பிள்ளை என்றால் இது ரொம்ப முக்கியம். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலையில் ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு, தள்ளிப்போட்டால் கதவு அடைத்துவிடும். பாரம் நிரப்ப, பத்திரம் தேட, பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போக என்று படித்த இளைஞர் ஒருவர் கூட இருந்தாலே அந்த அம்மாவுக்குப் பெரிய பலம். கல்யாணம் பண்ணப் போகிற அண்ணன் அக்காமார்களே, தாலி கட்டுகிற தேதியை எழுதும்போதே பதிவு தேதியையும் எழுதிவிடுங்கள்.

அந்தப் பையனின் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. ஒரு கவிதை எழுதியதால் அட்டை வந்துவிடாது. இப்போது நானும் பூக்கட்டும் அத்தையும் அவன் அம்மாவோடு போகிறோம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். இரண்டு யானைகள் இந்த வழியாக வந்தன. ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று அதை விட்டுப் போகவே இல்லை. மலாயில் 'செத்தியா காவான்' என்றால் விசுவாசமான நண்பன், அதிலிருந்து சித்தியவான் வந்தது என்பார்கள். இந்தக் கதையைக் கடைசி நாள் வகுப்பில் சொன்னேன். "அப்பறம் அந்த யானை வெளிய வந்துச்சாண்ணா?" என்று கேட்டார்கள். கதையில் அது இல்லை. நின்ற யானையைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது.

போன வாரம் வீட்டில் அம்மாவை உட்கார வைத்துக் கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கேட்டேன், காலிலிருந்து தலைவரை. வெடித்த குதிகால், பால் நாற்றம் போகாத கை, வெற்றிலைச் சிவப்பு வாய், சிரித்தால் மூடிக்கொள்ளும் கண். எழுதி அந்தப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். கடைசி வரியில் தோட்டத்தின் பெயரும் பாட்டியின் பெயரும் இருக்கிறது.